தாவல் என்ற சொல்லைப் பற்றி

சென்ற இதழில் நண்பர் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அதன் நடைக்காக. இரண்டாவது தடவை, எனக்கு ஏற்பட்ட எரிச்சலின் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்காக. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் டெமாக்ரடிக் கட்சியின் பெயரில் பதிந்திருந்த வாக்காளர்கள் பலர், தங்கள் பதிவை ரிபப்ளிகன் என்று மாற்றிக்கொண்டு லிஸ் செனிக்கு வாக்களித்தார்கள். இதை நண்பர் 'கட்சித் தாவல்' என்கிறார். தான் நம்பாத ஒரு பெயருக்குக் கீழே கையெழுத்திடுகிறவன் பொய்யன். தோற்பதானாலும் தன் இடத்தில் நின்று தோற்பதே தார்மீகம் என்பது அவர் வாதம்.

எரிச்சல் அந்தச் சொல்லில்தான் இருந்தது. தாவல் நம் நாட்டு அநுபவத்தில் பிறந்த சொல். 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினாரே, அந்த மாதிரிக் காரியங்களுக்கு உரியது. 1985இல் அரசியல் சட்டத்தின் 52ஆவது திருத்தம் தடுக்க முயன்றதும் அதைத்தான். தாவுகிறவன் வெறுங்கையோடு தாவுவதில்லை. ஒரு தொகுதியே தன்னிடம் கொடுத்து வைத்ததை எடுத்துக்கொண்டு தாவுகிறான். அது அவனுடையதல்ல என்பதுதான் குற்றம். வயோமிங் வாக்காளனிடம் இருந்தது அவனுடைய ஒரே ஒரு வாக்கு. அதை எடுத்துக்கொண்டு அவன் எந்த வாசலுக்குப் போனாலும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவன் அல்ல. பிரதிநிதிக்குச் சூட்டிய வசையை வாக்காளன் தலையில் வைப்பது, திருடிய கணக்கனுக்குச் சொல்லும் வார்த்தையைப் பணம் போட்டவனுக்குச் சொல்வது போல.

நம் வாக்காளர் பட்டியலில் கட்சிக்கென்று ஒரு கட்டமே இல்லை. அதனால் அந்தக் கட்டத்துக்கு இல்லாத புனிதத்தை நாம் தூரத்திலிருந்து ஏற்றிவிடுகிறோம். அங்கே சுமார் 30 மாநிலங்களில், வாக்காளராகப் பதியும் படிவத்தில் கட்சியையும் குறிக்க இடம் உண்டு. சந்தா கிடையாது. கொள்கை விளக்கத்தைப் படித்தாயா என்று எவரும் கேட்பதில்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்று தீர்மானிக்கிற பிரைமரியில் உன்னை உள்ளே விடலாமா கூடாதா என்று பார்ப்பதற்கே அது பயன்படுகிறது. நியூயார்க், பென்சில்வேனியா, கென்டக்கி போன்ற மாநிலங்களில் கதவு மூடியே இருக்கும். அந்தக் கட்சியில் பதிந்தவனுக்கு மட்டுமே திறக்கும். நியூயார்க்கில் 2016 ஏப்ரலில் நடந்த பிரைமரிக்கு 2015 அக்டோபரிலேயே பதிவை மாற்றியிருக்க வேண்டும். டொனால்ட் டிரம்ப்பின் மகளும் ஒரு மகனும் தேதியைத் தவறவிட்டு, தகப்பனாருக்கே வாக்களிக்க முடியாமல் போனார்கள். (இந்த ஒரு காட்சிக்காக அந்தச் சட்டத்தை மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.) இவ்வளவு நீண்ட காத்திருப்பு செல்லுமா என்ற கேள்வி 1973இலேயே உச்ச நீதிமன்றம் வரை போய், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லும் என்றாயிற்று. 2019இல்தான் சட்டத்தை மாற்றி, கெடுவை பிப்ரவரி 14க்குக் கொண்டுவந்தார்கள்.

நண்பர் தொடாத இடம் ஒன்று உண்டு. ஒரே கட்சி எப்போதும் ஜெயிக்கிற மாநிலத்தில் பிரைமரிதான் தேர்தல். நவம்பரில் நடப்பது சடங்கு. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் பழைய டெக்ஸாஸின் டெமாக்ரட்டுகள். கறுப்பர்கள் அவர்களுடைய பிரைமரியில் வாக்களிக்கக் கூடாது என்று 1923இல் மாநிலமே சட்டம் போட்டது. 1927இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. பிறகு கட்சி தன் சொந்தப் பொறுப்பில் அதே விதியைச் செய்துகொண்டது: நாங்கள் தனிப்பட்ட ஒரு சங்கம், எங்கள் வீட்டுக்குள் யாரை அழைப்பது என்பது எங்கள் இஷ்டம், நவம்பரில் நீ வாக்களிப்பதை நாங்களா தடுக்கிறோம்? 1935இல் நீதிமன்றமும் இந்த வாதத்துக்குத் தலையசைத்தது. லானி ஸ்மித் என்ற ஹூஸ்டன் பல் மருத்துவர் தொடுத்த வழக்கில், 1944இல்தான் அது உடைந்தது. வீடு என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஊர்க் கிணறு என்று ஒப்புக்கொள்ள அத்தனை வருஷம் ஆயிற்று.

நண்பர் டெக்ஸாஸ்காரர்களின் கட்சியில் இல்லை. அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஆனால் 'அந்நியன் உள்ளே வருவது அசுத்தம்' என்ற வாக்கியத்தின் வம்சாவளியை அவர் ஒருமுறை பார்த்திருக்கலாம். கட்சிக்கும் உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் வேட்பாளருக்கும் வாக்களிக்கலாம் என்ற கலிஃபோர்னியாவின் ஏற்பாட்டை 2000இல் நீதிமன்றம் தள்ளியதற்கும் நியாயம் உண்டு. வாசலில் கையெழுத்துக் கேட்கட்டும். கேட்ட கையெழுத்தைப் போட்டவனைப் பொய்யன் என்று பிறகு சொல்லக் கூடாது.

ஒரு விஷயத்தில் நானும் நண்பரும் ஒரே பக்கம். 2008இல் ரஷ் லிம்பா என்ற வானொலிக்காரர், டெமாக்ரட்டுகளின் பிரைமரியில் புகுந்து ஹிலரி கிளின்டனுக்கு வாக்களியுங்கள் என்று தம் ரிபப்ளிகன் நேயர்களைத் தூண்டினார். ஹிலரி ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அல்ல, சண்டை நீள வேண்டும் என்பதற்காக. 'குழப்ப நடவடிக்கை' என்று தானே பெயரும் வைத்துக்கொண்டார். இது அடுத்த வீட்டுச் சமையலில் மண்ணைப் போடுவது. நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நீ வாக்களிக்கிற ஆள் நிஜமாகவே ஜெயித்து உன்னை ஆண்டால் சம்மதமா? வயோமிங்காரர்கள் செனியின் கொள்கைகளில் பெரும்பாலானவற்றை வெறுத்தார்கள். ஆனாலும் தேர்தல் முடிவைத் திருட்டு என்று சொல்ல மறுத்த ஒருவர் ஜெயிக்கட்டும் என்று மனதார விரும்பினார்கள். இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குவதற்கு விமர்சனம் என்று பெயர் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வங்கியில் இரண்டு சங்கங்கள். நான் சிறிய சங்கத்தில். பெரியது நிர்வாகத்தோடு கைகுலுக்குகிற சங்கம் என்பது அன்றும் இன்றும் என் அபிப்பிராயம். பத்து வருஷத்துக்கு முன் அதன் வட்டாரச் செயலாளர் தேர்தலில் நின்ற இருவரில் ஒருவர் மட்டும், எங்கள் கிளையைப் பெருக்கித் துடைத்துவந்த அம்மாளின் கோப்பைக் கையில் வைத்திருந்தார். தொகுப்பூதியத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஸ்கேலுக்கு அவரைக் கொண்டுவர வேண்டும் என்ற கோப்பு. சந்தாப் பிடித்தக் கடிதத்தை மாற்றிக் கொடுத்தால் எங்களுக்கும் வாக்கு உண்டு. நாங்கள் ஏழு பேர். காபி குடித்தபடி கொள்கை பேசினோம். ஒருவரும் கடிதம் கொடுக்கவில்லை. அவர் நான்கு வாக்கில் தோற்றார். கோப்பு எங்கே போயிற்றோ. அந்த அம்மாள் இரண்டு வருஷம் கழித்து நின்றுகொண்டார். எங்கள் தூய்மை மட்டும் அப்படியே இருந்தது. நான் அதைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதினேன், பிரசுரமாயிற்று.

தினமும் மாதிரிக் கையெழுத்து அட்டைகளைப் பார்க்கிறவன் நான். ஒருவன் கையெழுத்துப் போடுவது 'இது நான்' என்பதற்கு. 'இந்த வங்கியை நேசிக்கிறேன்' என்பதற்கு அல்ல.

செனி சுமார் 37 சதவீதப் புள்ளிகளில் தோற்றார். ஆகவே பொய்யும் சொல்லிப் பயனும் இல்லை என்று நண்பர் முடித்திருக்கிறார். அவர் விட்டுவிட்டது அடுத்த வருஷம் நடந்ததை. அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தவர்களுக்கும் தூக்கம் வரவில்லை. அதுவரை பிரைமரி நாளன்று வாக்குச் சாவடியிலேயே பதிவை மாற்றிக்கொள்ளலாம். 2023இல் வந்த சட்டத்தின்படி, வேட்பாளர்கள் மனுத் தாக்கல் செய்யத் தொடங்கும் மே மாதத்திலிருந்து பிரைமரி முடியும் வரை அந்தக் கட்டத்தைத் தொட முடியாது. எந்தத் திண்ணையில் யார் உட்காரப்போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே வீட்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வரும் என்று அறிவிப்பு இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் நண்பர் அந்தச் சொல்லையாவது எடுத்துவிடட்டும்.