அன்னாசி மணமும் அழவைத்த காற்றும்

அடுத்த வீட்டில் என்ன சமையல் என்று தெரிந்துகொள்ள நாம் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வெங்காயம் வதங்குகிறதா, ரசத்துக்குத் தாளிக்கிறார்களா என்பதையெல்லாம் மூக்கே சொல்லிவிடும். ஆனால், "அந்த வாசனை எதனால் ஆனது? அதைப் பிடித்து ஒரு சீசாவில் அடைக்க முடியுமா?" என்று யாராவது கேட்டால், சிரித்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவோம். அந்தக் கேள்வியைக் கேட்பதையே உத்தியோகமாகக் கொண்டிருந்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்து தேசத்தில் யூட்ரெக்ட் நகரில் 1900-ல் பிறந்தவர். 1937-ல் அமெரிக்காவின் காலிபோர்னியா மாகாணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பாஸடீனா நகரத்துக்கு வந்து, 'கால்டெக்' என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். தாவரங்களின் ரசாயனம் அவருடைய துறை. 1940-களில் அவர் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். டன் கணக்கில் பழங்களைக் கொண்டுவந்து, அவற்றிலிருந்து எழும் ஆவியைக் கடுங்குளிரில் உறையவைத்து, மணத்தின் சாரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேகரிப்பார். நாள் முழுவதும் அன்னாசி வாசனையில் வேலை! யாருக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்?

ஆனால், ஜன்னலுக்கு வெளியே வீசிய காற்றில் அந்த இனிமை இல்லை.

1943 ஜூலை மாதத்தில் ஒரு நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மீது பழுப்பு நிறத்தில் ஒரு மூட்டம் வந்து கவிந்தது. ஜனங்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, கொஞ்ச தூரத்துக்கு அப்பால் இருப்பது தெரியவில்லை. அப்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. "ஜப்பான்காரன் விஷப் புகை போட்டுவிட்டான்!" என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு, செயற்கை ரப்பருக்கு வேண்டிய பொருளைத் தயாரித்த ஓர் ஆலையின் மேல் பழி விழுந்தது. ஆலையை மூடினார்கள். மூட்டம் போகவில்லை.

மற்ற நகரங்களில் நிலக்கரிப் புகையும் அதிலுள்ள கந்தகமும்தான் தொல்லை. லண்டனில் 1952 டிசம்பரில் அப்படிப்பட்ட புகைப்பனி நாலைந்து நாட்கள் தங்கி ஆயிரக் கணக்கானவர்களின் உயிரைக் குடித்தது. புகையும் பனியும் சேர்ந்ததற்கு ஆங்கிலத்தில் 'ஸ்மாக்' என்று பெயர். லாஸ் ஏஞ்சல்ஸிலும் அதேதான் என்று எண்ணி, ஆலைகளின் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்தினார்கள். அப்போதும் பயனில்லை. இது வேடிக்கையான ஸ்மாக்! லண்டனில் குளிர்காலத்து இருட்டில் வரும். இங்கேயோ நல்ல வெயில் நாளில் வந்தது. காலையில் ஆரம்பித்து, உச்சி வேளையில் உக்கிரமாகி, பொழுது சாய்ந்ததும் தணிந்தது. தோட்டங்களில் கீரை இலைகள் வெள்ளி பூசியதுபோல் வெளுத்தன. கார் டயர்கள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடிப்பு விட்டன.

இலைகள் கெடுகின்றன என்றால் தாவர ரசாயனம் தெரிந்தவரைத்தானே கேட்க வேண்டும்? 1940-களின் கடைசியில் ஹாகன்-ஸ்மிட்டிடம் வந்தார்கள். அவர் அன்னாசியை ஒதுக்கி வைத்தார். மணம் பிடிக்கும் அதே முறையில், ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றை உறிஞ்சிக் குளிரவைத்தார். ஏராளமான காற்றிலிருந்து கிடைத்தது என்ன தெரியுமா? பழுப்பு நிறத்தில், மூக்கைப் பிடித்துக்கொள்ளவேண்டிய நாற்றத்துடன் சில சொட்டுத் திரவம். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில சொட்டுக்களில் ரகசியம் முழுவதும் இருந்தது. பெட்ரோலிலிருந்து வரும் ஆவி காற்றிலேயே ரசாயன மாறுதல் அடைந்தால் உண்டாகும் பொருள்கள் அதில் இருந்தன.

எந்தக் குழாயிலிருந்தும், எந்தப் புகைபோக்கியிலிருந்தும் இந்த ஸ்மாக் நேராக வெளிவரவில்லை. ஆகாயத்திலேயே சமையல் ஆயிற்று! மோட்டார் எஞ்சினின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராண வாயுவும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி இன்னொரு பக்கம் வெளியேறுகிறது. இவை இரண்டும் பண்டங்கள், சூரியன்தான் அடுப்பு. வெயில் பட்டதும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு உடைந்து பிராண வாயுவின் ஓர் அணுவை விட்டுவிடுகிறது. அந்த அணு சும்மா இராமல் சாதாரணப் பிராண வாயுவோடு ஒட்டிக்கொள்ள, ஓசோன் பிறக்கிறது. பெட்ரோல் ஆவி கூடவே இருப்பதால் ஓசோன் அழியாமல் குவிந்துகொண்டே போகிறது. இந்தக் கலவரத்தில் கண்ணைக் கரிக்கும் வேறு சில பொருள்களும் உண்டாகின்றன.

ஊரின் அமைப்பும் இதற்கு ஒத்துழைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு புறம் கடல், மற்றப் புறங்களில் மலைகள். கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று ஓர் அடுக்காகப் படுத்துக்கொள்ளும். பானைக்கு மூடி போட்டாற்போல், கீழே உள்ளது மேலே எழ முடியாமல் போய்விடும்.

"ஓசோன் நமக்கு நன்மை செய்வதல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம்தான். பூமிக்கு மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போது அது சூரியனின் கொடிய கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கிறது. அதுவே நம் மூக்கருகில் வந்துவிட்டால் நுரையீரலைப் புண்படுத்துகிறது. ஆஸ்துமாக்காரர்களைத் திணற வைக்கிறது. ரப்பரையே வெடிக்கச் செய்கிறது. நெருப்பு அடுப்பில் இருக்கும் வரையில்தானே நல்லது?

ஹாகன்-ஸ்மிட் இதைச் சொல்லோடு விடவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தில் பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் டை ஆக்ஸைடையும் சேர்த்து வெளிச்சத்தில் வைத்தார். ஊரில் அடித்த அதே நெடி எழுந்தது. கீரை, பீட்ரூட், ஓட்ஸ் முதலிய செடிகளை அந்தக் காற்றில் வைத்தார். தோட்டங்களில் கண்ட அதே வெளுப்பு இலைகளில் விழுந்தது. வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டு எத்தனை நிமிஷத்தில் வெடிக்கிறது என்று பார்த்தே ஓசோனை அளந்தார். 1952-ல் இவற்றையெல்லாம் கட்டுரையாக வெளியிட்டார்.

சொன்னதும் எல்லோரும் தலையாட்டிவிட்டார்களா? இல்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பெட்ரோல் தொட்டிகளும் இதில் அகப்பட்டுக்கொள்ளும் அல்லவா? எண்ணெய்க் கம்பெனிகள் பணம் கொடுத்து அமர்த்திய ஆராய்ச்சி நிலையத்தார் அவர் முடிவை மறுத்தார்கள். அதில் ஒருவர் கால்டெக்குக்கே வந்து, ஹாகன்-ஸ்மிட்டும் சபையில் இருக்கும்போதே, அவர் கண்டது தவறு என்று பிரசங்கம் செய்துவிட்டுப் போனார். அன்னாசிக்கே திரும்பிவிட எண்ணியிருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. வந்ததும் நல்லதாயிற்று. அதன் பிறகு அவர் ஆயுள் முழுவதும் இந்த வேலையை விடவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் நிர்வாகத்தைச் சேர்ந்த கென்னத் ஹான் என்பவர் 1953-ல் ஃபோர்டு கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். மோட்டார்ப் புகை காற்றில் சீக்கிரமே கலைந்து போய்விடுகிறது, அதனால் தொல்லை இல்லை என்ற கருத்தில் பதில் வந்தது. அவரும் சளைக்காமல் வருஷக் கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஆனால், கம்பெனிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊராருக்கும் இந்த உண்மை கசந்தது. ஆலைதான் குற்றவாளி என்றால் யாருக்கும் கஷ்டமில்லை. கூட்டம் போட்டுத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். குற்றவாளி நம் வீட்டு வாசலிலேயே, நாம் ஆசையாகத் துடைத்து வைத்திருக்கும் கார்தான் என்றால் என்ன செய்வது? கொல்லைப்புறத்திலும் ஒரு குற்றவாளி இருந்தது. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு சிறு சூளை வைத்துக் குப்பையை எரிப்பது வழக்கம். பல எதிர்ப்புகளுக்குப் பிறகு 1957 அக்டோபரில்தான் அதைத் தடை செய்ய முடிந்தது.

இந்தச் சமயத்தில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1950-களின் கடைசியில், 'ஸ்மாக்கை ஒழிப்போம்' என்று பொருள்படும் பெயரில் குடும்பப் பெண்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்கள் 'எஸ். ஓ. எஸ்.', அதாவது, நடுக்கடலில் கப்பல் ஆபத்து என்று அனுப்பும் அதே செய்தி! விசாரணைக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தார்கள். கார்ப் புகைக்குச் சட்டம் வேண்டும் என்று அதிகாரிகளை விடாமல் கேட்டார்கள். கண் எரிந்து பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குழந்தைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா?

1966-ல் காலிபோர்னியாவில் புதிய கார்களின் புகைக்கு வரம்பு வந்தது. 1968-ல், பிற்காலத்தில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் அங்கே கவர்னராக இருந்தபோது, மாகாணக் காற்று வளக் குழுவின் முதல் தலைவராக ஹாகன்-ஸ்மிட்டையே நியமித்தார். 1975 முதல் புகையைச் சுத்தம் செய்யும் கருவியுடன் கார்கள் வந்தன. மணம் பிடித்த அந்த மனிதர் 1977-ல் காலமானார். லாஸ் ஏஞ்சல்ஸில் 1955-ல் அளந்த ஓசோன் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இன்றைய மோசமான நாட்கள் எட்டுவதில்லை. இத்தனைக்கும் கார்கள் அன்றைவிட எவ்வளவோ அதிகம். இருந்தாலும் சட்டம் கேட்கும் அளவுக்குக் காற்று இன்னும் சுத்தமாகவில்லை.

ஏன்? 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி புதிதாக ஒன்றைச் சொன்னது. கார்கள் திருந்திவிட்டதால் இப்போது வீட்டுச் சாமான்களின் பங்கு மேலே வந்துவிட்டதாம். பெயிண்ட், தரை துடைக்கும் திரவம், ஸெண்ட், ஒட்டும் பசை ஆகியவற்றிலிருந்து எழும் ஆவியும் வெயிலில் அதே சமையலுக்குப் போகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்களில், பெட்ரோலியத்திலிருந்து பிறந்து காற்றில் கலக்கும் இத்தகைய ஆவிகளில் ஏறக்குறையப் பாதி இவற்றிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஸெண்ட் சீசாவைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் வெளியே விடுவது எதுவும் காற்றில் 'போய்விடுவதில்லை' என்பதுதான் விஷயம். அன்னாசி மணமானாலும் சரி, பெட்ரோல் நெடியானாலும் சரி, எங்கேயோ போய் வேறு வேஷம் போட்டுக்கொண்டு நம் மூக்குக்கே திரும்பி வருகிறது. அடுத்த வீட்டுச் சமையலை மூக்கால் கண்டுபிடிக்கிற நாம், நம் வீட்டிலிருந்து என்ன போகிறது என்பதையும் கொஞ்சம் முகர்ந்து பார்க்கலாம்!