வாட்டுக்கு முன் கம்பி

காரில் சப்வூஃபர் பொருத்துவோர் பலர் முதலில் கேட்பது வாட் எத்தனை என்பதே. பெட்டியையும் கம்பியையும் பற்றிக் கேட்பதே முறை.

போர்ட் வைத்த பெட்டி தனக்குரிய அதிர்வெண்ணில் ஆழ்ந்து முழங்கும். அதற்குக் கீழே காற்றின் தாங்கல் குறைந்து கூம்பு கட்டற்று ஆடும். சப்சானிக் ஃபில்டர் இல்லையேல் ஸ்பீக்கர் சிதையக்கூடும். கம்பி சூடேறினாலோ காரே எரியக்கூடும்.

12 வோல்ட்டில் 600 வாட் பெறக் குறைந்தது 50 ஆம்பியர் பாயவேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி அதைச் சுமக்க, தூய செம்பைவிடத் தடிமனாக இருத்தல் வேண்டும். மலிவு கருதி அதே தடிமனில் வாங்குவது சிக்கனம் அன்று. பேட்டரியருகே ஃபியூஸ் வைப்பதும் ஆம்ப்ளிஃபயருக்காக அன்று, கம்பிக்காகவே.

இந்தியச் சந்தையில் வாட் அச்சாகும் அதே பெரிய எழுத்தில் கம்பியின் உலோகமும் அச்சாகவேண்டும்.