விரல் மடங்குகிறதா என்று கேளுங்கள்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே, விடியும் முன் பறித்தாக வேண்டும். விரிந்துவிட்டால் விலை இல்லை. முடக்குவாதமும் அந்த நேரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. எழுந்ததும் விரல் மடங்காது. விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகம் தாக்கும் நோய் இது. கூலிக்குப் பூப்பறிக்கும் ஒரு தலித் பெண்ணுக்கு வந்தால் முதலில் போவது அன்றைய கூலி.

வலி என்று சொன்னால் அவருக்கு என்ன பதில் கிடைக்கிறது? "வேலை செய்ற உடம்பு, வலிக்கத்தான் செய்யும்." உழைப்பதற்கென்றே சில உடம்புகள் பிறந்திருப்பதாக நம்பும் சாதிச் சமூகத்தில் அந்த உடம்பின் வலி நோய்க் கணக்கில் வராது. ஒரு ஊசி, நாலு மாத்திரை, மறுநாள் வேலை. வலி மாத்திரை வலியை அடக்கும். மூட்டு அரிபடுவதை நிறுத்தாது.

இது தேய்மானம் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. முதல் சில மாதங்களுக்குள் மெத்தோட்ரெக்சேட் தொடங்கினால் பலரின் கைகளைக் காப்பாற்றலாம். விலை குறைந்த, பழைய மருந்து. வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து, கர்ப்பக் காலத்தில் கூடவே கூடாது. ரத்தத்தையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். ஆகவே மருத்துவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. அதே தன்னார்வலர் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாமே: மூட்டு வீங்கிச் சில வாரமாகியும் வடியவில்லையா? காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நிற்கிறதா? பிறகு விரல்களின் அடிமூட்டுகளைச் சேர்த்து அழுத்திப் பார்க்கலாம். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை என்று இறங்க வேண்டியதில்லை, ஆர்.ஏ. ஃபாக்டர் நோயில்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும், நோயுள்ள சிலருக்கு நெகட்டிவ் காட்டும். முதல் சோதனை அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பதுதான். அதற்குக் கருவி வேண்டாம்.

சந்தேகப்பட்டவர்களை எங்கே அனுப்புவது? 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூட்டுவாத நிபுணர், பரிசோதனை, தடையில்லாத மாத்திரை மூன்றும் அங்கேயே கிடைக்க வேண்டும். மதுரைக்குப் பஸ் ஏறுவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அதையும் காலைப் புறநோயாளிப் பிரிவில் வைக்காதீர்கள். காலையில் அவர்கள் தோட்டத்தில் இருப்பார்கள். வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள்.