எந்த ஊரு மாடு அது?

சோளத்தட்டு அறுத்துப் போர் போடற வேலையில பத்து நாளா இந்தப் பக்கமே எட்டிப் பாக்க முடியல. இன்னைக்கு வெள்ளாமை பத்தின பதிவு இல்ல. ஆனா மாடு வருது, அதனால கோவிச்சுக்காதீங்க.

எங்கக்கா மகன் மொபைல் கேம் ஒண்ணு செஞ்சுட்டிருக்கறான். ரேக்ளா பந்தயம். 200 மீட்டர், 300 மீட்டர்னு நம்ம பக்கம் ஓட்டறாங்களே, அதேதான். படமெல்லாம் பிரமாதமா வரைஞ்சிருக்கறான். திமிலு, கொம்போட வளைவு எல்லாம் அச்சு அசல் காங்கேயம். வாசத்திண்ணையில உக்காந்து எனக்கு ஓட்டிக் காட்டுனான். அடுப்படியில இருந்த எங்க ஊட்டுக்காரம்மா படத்தைப் பாக்கல, சத்தம் மட்டுந்தான் காதுல விழுந்திருக்குது. "அது எந்த ஊரு மாடு?"ன்னு உள்ளயிருந்தே ஒரு கேள்வி. பையன் மூஞ்சி சுருங்கிப்போச்சு.

கேட்டது தப்பில்லீங்க. ஓடற சத்தம் குதிரை. கத்தறது ஏதோ சீமைப் பால்மாடு. இணையத்துல சத்தத்தை மூட்டை மூட்டையா விக்கறாங்களாம், 2,000 ரூபாய் கொடுத்து ஒண்ணு வாங்கியிருக்கறான். புதுசா எல்லாம் பதிவு பண்ணித் தர கோயமுத்தூர்ல ஒருத்தர் 40,000 கேட்டாராம். இவன் கையில இருந்தது 11,000. வேலையை விட்டுட்டு ஒன்றரை வருசமா இதுலயே கிடக்கறான். அக்கா கம்மலை அடகு வெக்கக் கிளம்பிட்டாங்க. நாந்தான் மறிச்சேன். "கம்மல் காதுலயே இருக்கட்டுங்க்கா. மாடு நம்ம கட்டுத்தறியில நிக்குது, தேங்காத் தொட்டி அடுப்புல எரியுது. சத்தத்துக்கு எதுக்கு நாப்பதாயிரம்?"

"மாமா, அது அப்படியெல்லாம் வராதுங்க"ன்னான். படிச்ச பசங்களுக்கு இது ஒரு வியாதி. கடையில விக்கறதுதான் ஒஸ்தின்னு நினைச்சுக்கறது.

உண்மையில இந்தத் தொழிலே வீட்டுச் சாமான்ல பொறந்ததுதானுங்க. அமெரிக்காவுல யுனிவர்சல் ஸ்டுடியோவுல ஜாக் ஃபோலின்னு ஒருத்தர். 1929-ல வந்த 'ஷோ போட்' படத்துக்குத் திரையைப் பாத்துக்கிட்டே காலடிச் சத்தம், கைதட்டற சத்தமெல்லாம் நேரடியா செஞ்சு சேத்தவரு. இன்னைக்கும் அந்த வேலைக்கு அவரு பேருதான். 1977-ல வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துல துப்பாக்கி சுடற சத்தம் இருக்குதே, அது ரேடியோ கோபுரத்தை இழுத்துக் கட்டுன கம்பியில சுத்தியலால அடிச்சு எடுத்தது. பென் பர்ட் செஞ்சாரு. 1975-ல இங்கிலாந்துக்காரங்க 'மான்டி பைத்தான்' குழு, குதிரை வாங்கப் பணமில்லாம ரெண்டு தேங்காத் தொட்டியைத் தட்டிக்கிட்டே படம் முழுக்க நடந்தாங்க. கோடி கோடியா செலவு பண்ற ஊர்லயே தொட்டியும் கம்பியுந்தான். அங்க செல்லுபடியாகறது நம்ம திண்ணையில செல்லாதா?

ஆனா மொத நாள் நாங்க எடுத்தது பூராவும் குப்பைங்க. காத்து ஒரு பக்கம், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் இரைச்சல் ஒரு பக்கம். போதாக்குறைக்கு மயிலு. விதைக்கறதைத் தின்னு தீத்தது பத்தாதுன்னு இங்கயும் வந்து அகவிட்டு நிக்குது. அப்புறந்தான் மூட்டை அடுக்கற ரூமுக்குள்ள போனோம். மக்காச்சோள மூட்டை மூணு பக்கம் சுவராட்டம் நின்னா எதிரொலியே கிடையாது. கதவுல ஒரு கம்பளியைத் தொங்க விட்டோம். போனோட மைக் மேல பழைய வேட்டித் துணி ரெண்டு மடிப்பு. விடியக்காலம் நாலு மணி.

குளம்புச் சத்தத்துக்குத் தொட்டியை வெறும் தரையில தட்டுனா குதிரைதான் வருது. மாட்டுக்குக் குளம்பு பிளந்தது, ஓடறதும் புழுதியில. அதனால தாம்பாளத்துல வண்டல் மண்ணைப் போட்டு, தொட்டிக்குள்ள துணியை அடைச்சு, அமுக்கி அமுக்கி அடிச்சோம். வந்துருச்சு. சாட்டைக்கு இடுப்பு பெல்ட்டை மடிச்சு வெடுக்குன்னு இழுத்தது. வண்டி கவுந்து ஒடையறதுக்குக் காஞ்ச சோளத்தட்டு ஒரு கத்தை. மழைக்கு முறத்துல கம்பைத் தூவுனோம். தீ எரியறதுக்கு பிஸ்கட் கவரைக் கசக்குனது. கூட்டத்துக்கு எங்க தெருவுல பன்னெண்டு பேரைக் கூட்டி மூணு தடவை கத்த வெச்சு, ஒண்ணு மேல ஒண்ணு போட்டான். திருவிழாக் கூட்டமாட்டம் இருக்குது. கத்துனவங்களுக்கு டீ, வடை 260 ரூபாய். மொத்தச் செலவே அதுதான்.

அவன் கத்துக்கிட்டதையும் சொல்லிடறேன், உங்கூட்டுப் பசங்களுக்கு ஆகும். ஒவ்வொரு தடவையும் மொதல்ல அஞ்சு நொடி சும்மா இருந்து வெறும் ரூமைப் பதிவு பண்ணோணும். ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள் இருக்குது. அந்த அஞ்சு நொடியை வெச்சுத்தான் அது இரைச்சல் எதுன்னு தெரிஞ்சு கழிக்கும். ரொம்பக் கழிச்சா சத்தம் தண்ணிக்குள்ள இருந்து வர்றாப்ல ஆயிரும். ஒரே குளம்புச் சத்தத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டா மிஷினு ஓடறாப்ல இருக்கும். அஞ்சாறு தினுசா எடுத்து மாத்தி மாத்தி வர விடோணும். சுத்திச் சுத்தி ஓடற சத்தத்தை எம்பி3-ல வெக்காதீங்க, சேர்ற இடத்துல சின்னதா ஒரு தடுக்கல் விழும். ஓஜிஜி சரியா வருது. கடைசியில ஹெட்போன்ல மட்டும் கேட்டுட்டு விட்டுராம, இருக்கறதுலயே மட்டமான போன்ல ஒருதரம் கேளுங்க. அடித்தொண்டைச் சத்தமெல்லாம் அதுல காணாமயே போயிருது.

எல்லாத்தையும் நாமதான் செய்யோணும்னு நான் சொல்ல வரல. இடி, பட்டன் அமுக்கற சத்தத்துக்கெல்லாம் எந்த ஊருன்னு யாரும் கேக்கப்போறதில்ல. ஃப்ரீசவுண்ட் தளத்துல இலவசமாவே கிடைக்குது. ஆனா அங்கயும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உரிமம் என்னன்னு படிக்கோணும். சிலதுக்கு எடுத்தவங்க பேரைப் போடோணும், சிலதை விக்கற கேமுக்குப் போடவே கூடாது. சினிமாவுல இருந்து வெட்டி ஒட்டறது வேண்டவே வேண்டாம், அது திருட்டு. மாடு, சலங்கை, சனம் கத்தறது, இதை மட்டும் வெளியில வாங்காதீங்கங்கறதுதான் என் கட்சி. வெளையாடப் போறது நம்மாளு. நம்மாளு காதுக்கு மயிலைக் காளை மூச்சு விடறதும் தெரியும், சீமை மாடு விடறதும் தெரியும்.

மாட்டு மூச்சை மட்டும் ஏமாத்த முடியலீங்க. உழவு முடிஞ்சு நிக்கறப்ப எங்க மயிலைகிட்ட போனை ஒரு சாண் தள்ளிப் புடிச்சு எடுத்தான். துணியோட சேத்து நக்கிப்போட்டுது. அந்த நக்கற சத்தமும் கேம்ல இருக்குது, ஜெயிச்ச மாட்டுக்குத் தவுடு வெக்கற இடத்துல.

வண்டிச் சத்தந்தான் இழுபறி ஆயிருச்சு. ஊருக்குள்ள கட்டை வண்டி போற காட்சி ஒண்ணு வருது. ஊர் பூரா தேடுனோம், மரச்சக்கரம் ஓடற வண்டி ஒண்ணுகூட இல்ல. எங்க வண்டியை வித்தே இருவது வருசத்துக்கு மேலாச்சு. கடைசியில கிணத்தடியில துருப்பிடிச்சுக் கிடந்த ராட்டினத்தைச் சுத்தி, அதைக் கம்ப்யூட்டர்ல மெதுவாக்கி, அடியில கொஞ்சம் ஆட்டுக்கல்லு உருள்றதைச் சேத்தான். எனக்கு அவ்வளவா திருப்தியில்ல. சரி, இருக்கறதை வெச்சுப் பாப்போம்னு திண்ணையில வெச்சு ஓட்டிக் காட்டுனான்.

எங்கய்யனுக்குப் பார்வை மங்கி நாளாச்சு. கயித்துக் கட்டல்ல படுத்திருந்தவரு தலையைத் தூக்கி, "அச்சு காஞ்சு போய்க் கத்துது. எவன்டா அவன், மை போடாம வண்டியைப் பூட்டுனது?"ன்னாரு.