நீக்குவதற்கு என்ன அவசரம்?

மருத்துவக் கல்லூரிகளுக்கான கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து அவசர மருத்துவத்தை டெல்லியிலுள்ள தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் தூக்கியதற்குச் சொல்லப்படும் எந்தச் சமாதானமும் எடுபடவில்லை. 2020-ல் அதைக் கட்டாயமாக்கியதும் இதே டெல்லிக்காரர்கள்தான். மூன்றே ஆண்டுகளில் மாரடைப்பும் விபத்தும் குறைந்துவிட்டனவா?

அவசரம் வாசலில் மட்டும் வருவதில்லை, வார்டுக்குள்ளும் வரும். வார்டில் கிடக்கும் நோயாளி பெரும்பாலும் திடீரென்று சாவதில்லை. பல மணி நேரம் முன்பே உடம்பு சொல்லிவிடும். மூச்சு வேகமெடுக்கும், நாடி படபடக்கும், சிறுநீர் குறையும், பேச்சு தடுமாறும். இதை முதலில் கவனிக்க வேண்டியவர் பேராசிரியர் அல்ல, இரவு இரண்டு மணிக்கு வார்டில் நிற்கும் ஹவுஸ் சர்ஜன். அவர் எழுதும் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். மூச்சு எண்ணிக்கை என்ற இடத்தில் கட்டிலுக்குக் கட்டில் 18 அல்லது 20. நிமோனியா முற்றி, விலா குழிவிழ இழுத்துக்கொண்டிருக்கும் பெரியவருக்கும் அதே 20. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணியிருந்தால் 32 என்று தெரிந்திருக்கும். ஆக்சிஜன் வைத்து, ரத்தக் கல்ச்சர் எடுத்து, ஆன்டிபயாடிக் போட்டு, சீனியரை எழுப்பியிருக்கலாம். அந்தப் பிள்ளையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் நின்று எண்ணவைக்க யாரும் இல்லை. பிரிட்டனில் 2012 முதலே மூச்சு, நாடி, ரத்த அழுத்தத்துக்கெல்லாம் மதிப்பெண் போடுகிறார்கள். கூட்டல் 7-ஐத் தொட்டால் மூத்த மருத்துவர் வந்தாக வேண்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் கேஷுவாலிட்டி எனும் அவசர சிகிச்சைப் பிரிவு. இங்கே ஹவுஸ் சர்ஜனின் ஓராண்டுப் பயிற்சியில் அதற்கு ஒதுக்கியது இரண்டே வாரம். அதிலும் பாதி நேரம் ரத்த சாம்பிளோடு லேபுக்கு ஓட்டம், ஸ்கேன் சீட்டுக்கு வரிசை, ஆள் இல்லாதபோது ஸ்ட்ரெச்சர் தள்ளல். சொல்லிக்கொடுக்க வேண்டிய துறையே வேண்டாமென்றால் மிச்சமிருப்பது இந்த ஓட்டம்தான். நீக்கியதற்குக் காரணம், ஆசிரியர்கள் கிடைக்கவில்லையாம்! அவசர மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 2009-லேயே வந்துவிட்டது. படித்து வருபவர்களுக்கு வேலையிடத்தை இல்லாமலாக்கிவிட்டு, ஆளில்லை என்று சொல்லக் கூச்சம் வேண்டாமா?

இந்த ஆணையத்தின் லட்சணம் நமக்குப் புதிதல்ல. எம்.பி.பி.எஸ். முடிப்பவர்களுக்கான நெக்ஸ்ட் தேர்வுக்கு மாதிரித் தேர்வு நாள்வரை குறித்துவிட்டு, 2023 ஜூலையில் தள்ளிவைத்தார்கள். ஜெனரிக் மருந்துதான் எழுத வேண்டும் என்று ஆகஸ்டில் மிரட்டி, அந்த மாதமே நிறுத்திவைத்தார்கள். பத்து லட்சம் பேருக்கு 100 எம்.பி.பி.எஸ். இடம்தான் என்று தமிழ்நாட்டின் கழுத்தில் கத்தி வைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஒத்திப்போட்டார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் வெளியிட்ட பாடத்திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. 

இத்தனையிலும் பின்வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒன்றில் மட்டும் என்ன வீம்பு? நீக்கிய துறையைத் திரும்பச் சேர்க்கட்டும். ஹவுஸ் சர்ஜன்களின் பயிற்சிக்கும் உருப்படியாக ஏதாவது ஏற்பாடு செய்யட்டும், அடுத்த பேட்ச் வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே.