மாதிரிப் படகும் மன்னார் வாய்க்காலும்

சிறு படகொன்றின் அடியிற் சக்கரம் பூட்டி, ஓடும் நீரில் நிறுத்தி, மின்குமிழை எரியச் செய்யும் மாணவர் மாதிரிகளை விஞ்ஞானக் கண்காட்சிகளிலே நாம் கண்டிருக்கிறோம். பெரியோர் முதுகிலே தட்டுவர், பரிசும் வழங்குவர், மறுநாள் படகு பரணுக்குப் போய்விடும். நமது முறைப்பாடு இதுவே.

இது வெறும் விளையாட்டன்று. கி.பி. 537இல் உரோமாபுரியை முற்றுகையிட்ட கோத்தியர் நீர்க்கால்வாய்களைத் துண்டித்தபோது, தளபதி பெலிசாரியஸ் தைபர் நதியிலே படகுகளைக் கட்டி நிறுத்தி, அவற்றின் நடுவே சக்கரத்தைச் சுழலவிட்டு நகருக்கு மாவரைத்தான். ஸ்கொத்லாந்தின் ஓர்க்னித் தீவுக்கடலில் 2021இல் நங்கூரமிடப்பட்ட 74 மீற்றர் நீள மிதவை 2 மெகாவாற் மின்சாரம் தரவல்லது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. ஓடும் படகிற் சக்கரம் பூட்டி, அம்மின்சாரத்தாலேயே அப்படகை ஓட்டலாமென மாணவர் சிலர் எண்ணுகின்றனர். அது கடன் வாங்கிக் கடனடைப்பதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு சுற்றிலும் வட்டி நட்டமே. படகு நிற்க வேண்டும். நீர்தான் ஓட வேண்டும்.

மன்னாரிலே நீர் எங்கே ஓடுகிறது? நமது கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரையும் எட்டாது. பிரான்சின் இரான்சு முகத்துவாரத்தில் 1966இல் எழுந்தது போன்ற 240 மெகாவாற் நிலையத்தை இங்கே கனவு காண்பது வீண். ஆனால், தேக்கம் அணையிலே திரும்பும் அருவியாற்று நீர் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பி, துருசு வழியே வயல்களுக்குப் பாய்கின்றதன்றோ? விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பினூடே பாயும் நீரின் வலு 500 வாற். நல்ல சக்கரம் அதில் மூன்றிலொரு பங்கைப் பிடிக்கலாம். வயற்காவற் குடில்கள் சிலவற்றுக்கு விளக்கேற்ற அது போதும். வேகம் பாதியானாலோ வலு எட்டிலொன்றாகிவிடும். ஆகவே முதலில் வேண்டியது அளவை.

வாய்க்காலை மறிக்கும் எப்பொருளும் நீரின் வேகத்தைத் தணிக்கும். "என் கடை வயலுக்கு நீர் குறையுமா?" என வினவ விவசாயிக்கு உரிமையுண்டு; குறையாதென நிரூபிக்கும் பொறுப்பு படகை விடுவோரையே சாரும். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் வலுவுடையவை. இருந்தும், மேலும் காற்றாலைகள் வேண்டாமென 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். மின்சாரத்தின்மீது அவர்களுக்குப் பகையில்லை. தம்மைக் கேளாமல் தம் மண்ணிலே முடிவெடுப்பதையே அவர்கள் வெறுத்தனர்.

எனவே நாம் கேட்பது பெரிதன்று. வருகின்ற காலபோகத்தில் துருசு திறக்கும் நாளிலே ஆசிரியரும் மாணவரும் கமக்காரரும் வாய்க்காற் கரையிலே கூடட்டும். நீர்ப்பாசனத் திணைக்களம் தன் நீரோட்டப் பதிவேடுகளைத் திறந்து காட்டட்டும். கமக்காரர் சம்மதித்த பின்னர் படகு பரணிலிருந்து இறங்கட்டும்.