'ராத்திரி சாப்பிட்டானா?' - நோய்த் துப்பறிவாளர்கள் கேட்ட கேள்வி!

பீகாரின் முசாபர்பூர், லிச்சிப் பழத்துக்குப் பேர்போன ஊர். ஆனால், 1995 முதல் மே மாதம் பிறந்தாலே அங்கு தாய்மார்களுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் சாயங்காலம் வரை ஓடியாடிய குழந்தைக்கு விடியற்காலையில் வலிப்பு வரும், நினைவு தப்பும். மூளைக்காய்ச்சல், வெயில், பூச்சிமருந்து என ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மழை வந்தால் நோய் மறையும். அடுத்த கோடையில் திரும்ப வரும். 2014-ல் மட்டும் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தார்கள்.

காரணம் தேடிப் போனவர்களில், களத் தொற்றுநோயியல் பயிற்சியில் இருந்த இந்திய மருத்துவர்களும் உண்டு. அவர்கள் நோயுற்ற குழந்தைகளின் வீட்டோடு நிற்கவில்லை. நோய் வராத குழந்தைகளைப் பற்றியும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். அந்தப் பக்கம் 104 பேர், இந்தப் பக்கம் 104 பேர்.

ஏன் இப்படி? ஊரே லிச்சி சாப்பிடும்போது, 'நோயுற்றவன் லிச்சி சாப்பிட்டான்' என்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. இரு பக்கமும் ஒப்பிட்டபோதுதான் விடை கிடைத்தது. லிச்சி சாப்பிட்டுவிட்டு, இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்த குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். வெறும் வயிற்றில் தூங்கும்போது உடல் தானாகச் சர்க்கரை தயாரித்துச் சமாளிக்கும். லிச்சியில் உள்ள ஒரு நச்சுப்பொருள் அதைத் தடுத்துவிட, ரத்தச் சர்க்கரை சரிந்துவிடுகிறது.

'இரவில் பசியோடு படுக்கவிடாதீர்கள், லிச்சியைக் குறையுங்கள், மருத்துவமனைக்கு வந்ததும் சர்க்கரை அளவைச் சரிசெய்யுங்கள்.' இவைதான் அவர்கள் தந்த ஆலோசனைகள்.

இந்தப் பயிற்சி 1951-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 1980-ல் தாய்லாந்துக்கு வந்தது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் நடத்துகிறது. இப்படிப் பல நாடுகளில் நடக்கும் பயிற்சிகளை இணைக்க 1997-ல் உருவானது 'டெஃபிநெட்' என்ற சர்வதேச வலையமைப்பு. பயிற்சிகளின் தரத்தை மதிப்பிட்டு அங்கீகாரம் தருவதும் இதன் வேலை. முழுப் பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகள். வகுப்பில் இருப்பது கொஞ்ச காலம்தான்; மிச்சமெல்லாம் களத்தில்.

ஆனால், காரணத்தைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. 2019 கோடையில் முசாபர்பூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். டெல்லியில் நிபுணர் இருந்தால் போதாது. நோயின் முதல் அறிகுறியைக் கவனித்துச் சொல்லவும், வீடுவீடாக எச்சரிக்கவும் உள்ளூரிலேயே பயிற்சி பெற்றவர் வேண்டும். மாவட்ட, வட்டார அளவிலான சுகாதாரப் பணியாளர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி தருவது அதற்காகத்தான்.

அடுத்த முறை சுகாதாரப் பணியாளர் ஒருவர் கதவைத் தட்டி, 'உங்க வீட்ல யாருக்கும் காய்ச்சல் இல்லையே?' என்று கேட்டால், இல்லை என்பதையும் பொறுமையாகச் சொல்லுங்கள். அந்தப் பதிலும் அவருக்குத் தேவை.